பூவுக்கு முன்பே வந்துவிடும் வசந்தம்

பிப்ரவரி கடைசியில் ஒரு நண்பகல். ஜன்னலோரம் அமர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே 'டொக்' என்று ஒரு சத்தம். சற்று நேரம் கழித்து இன்னொரு 'டொக்'. யாரோ விரல் நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன். கூரை விளிம்பில் மூன்று மாதமாக ஈட்டி ஈட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்த பனிக்கட்டி ஒன்றின் நுனியில் ஒரு துளி திரண்டு, வெயிலை வாங்கி ஒரு கணம் மின்னி, கீழே இருந்த தகரத்தில் விழுந்தது. வெப்பமானி அப்போதும் சுழியத்துக்குக் கீழே 4 டிகிரி என்றுதான் காட்டியது. காற்று உறைந்துதான் இருந்தது. ஆனால் தெற்குப் பக்கக் கூரை வெயிலைக் குடித்துச் சூடேறத் தொடங்கிவிட்டது.

நவம்பருக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே நான் கேட்ட முதல் நீரோசை அது. வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பத்து நிமிடம் அந்தத் துளிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். என்னைப் பொறுத்தவரை வசந்தம் அன்றைக்கே வந்துவிட்டது. பூக்கள் வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பூமியின் வடகோடி நாடுகளின் வசந்தம் என்றதும் எல்லோர் மனத்திலும் பூத்துக் குலுங்கும் மரங்கள்தான் வருகின்றன. அவை அழகு, மறுக்கவில்லை. ஆனால் பல குளிர்காலங்களை இங்கே கழித்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பூ வசந்தத்தின் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நீர் சொட்டுவதும், பனி அழுக்காவதும், பாதையெல்லாம் சேறாவதுமாக நீளும் அந்த ஆறேழு வாரங்கள்தான் எனக்கு ஆண்டிலேயே மிகப் பிரியமான காலம். படம் எடுத்து அனுப்ப அதில் ஒன்றுமே இருக்காது. உயிர் திரும்பி வருவதை ஒவ்வொரு புலனாகத் தொட்டு உணர முடிவது அப்போதுதான்.

முதலில் வருவது ஒளி. பூமத்திய ரேகைக்கு அருகே வாழ்பவர்களுக்குப் பகலின் நீளம் என்பது ஒரு செய்தியே அல்ல. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வடக்கு அட்சரேகை 60 டிகிரியில் டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகல் 6 மணி நேரம்கூட இருப்பதில்லை. அந்தப் பகலிலும் சூரியன் மரங்களின் இடுப்புக்கு மேல் ஏறாமல், ஓரமாக நடந்து மறைந்துவிடும். மேகம் சூழ்ந்துவிட்டால் அதுவும் கிடையாது. விளக்கைப் போட்டுக்கொண்டே காலை உணவு, விளக்கைப் போட்டுக்கொண்டே மாலைத் தேநீர். வாரக்கணக்கில் நம் நிழலை நாம் பார்ப்பதே இல்லை. நிழல் இல்லாமல் வாழ்வது எவ்வளவு விசித்திரமானது என்பதை அது திரும்பி வரும் நாளில்தான் உணர்கிறோம். ஒரு ஜனவரி மதியத்தில் பனியின் மீது நீலமாக, என் உயரத்தைப்போல் பல மடங்கு நீளமாக என் நிழல் விழுந்திருப்பதைக் கண்டு நான் நின்றுவிட்டது நினைவிருக்கிறது. நெடுநாள் பிரிந்திருந்த உறவினரைத் தெருவில் பார்த்தது போலிருந்தது.

இந்த ஒளி சீராகக் கூடுவதில்லை என்பதுதான் இதன் அழகு. டிசம்பரின் மிகக் குறுகிய பகலைத் தாண்டியதும் பகல் நாளுக்குச் சில நொடிகள் என்று கஞ்சத்தனமாக நீள்கிறது. மார்ச் 20-ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் அதன் வேகம் உச்சத்தை எட்டுகிறது. 10 டிகிரி அட்சரேகையில் அப்போது ஒரு நாளைக்கு அரை நிமிடம் கூடினால், 45 டிகிரியில் 3 நிமிடம் கூடுகிறது, 60 டிகிரியில் 5 நிமிடத்துக்கும் மேல். ஒரு வாரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். திங்கட்கிழமை இருட்டில் வீடு திரும்பிய அதே நேரத்தில், அடுத்த திங்கட்கிழமை வெளிச்சத்தில் திரும்புகிறோம். கடிகாரத்தைப் பார்க்காமலே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. தூக்கம் இலேசாகிறது, மாலையில் எங்கேயாவது நடந்துவிட்டு வரலாமே என்று கால்கள் கேட்கின்றன.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெயில் நமக்கு ஒதுங்க வேண்டிய ஒன்று. இங்கே மார்ச் மாதத்தில் தெருவின் ஒரு பக்கம் மட்டும் மனிதர்கள் நடப்பார்கள், வெயில் விழும் பக்கம். காற்று மறைக்கும் தெற்குச் சுவர் ஒன்று கிடைத்தால் போதும், முதுகைச் சுவரில் சாய்த்து, கண்களை மூடி, முகத்தை மட்டும் சூரியனுக்குக் கொடுத்தபடி முன்பின் அறியாத ஐந்தாறு பேர் வரிசையாக நிற்பார்கள். யாரும் பேசுவதில்லை. முதல் ஆண்டு இதைப் பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. இரண்டாம் ஆண்டு, குளிர்காலம் முழுவதும் தலையசைப்பைத் தவிர வேறெதுவும் பரிமாறிக்கொள்ளாத பக்கத்து வீட்டு மூதாட்டி, அந்த வரிசையில் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நானும் நின்றேன். மூடிய இமைக்குள் உலகம் செம்மஞ்சளாக இருந்தது. குளிர்காய்வது என்று தமிழில் நெருப்பருகே இருப்பதைச் சொல்கிறோம். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் அன்றுதான் என் தோலுக்குள் இறங்கியது.

ஒளி இவ்வளவு வேகமாக வரும்போது வெப்பம் மட்டும் ஏன் இப்படித் தயங்குகிறது என்று பொறுமை இழந்த நாட்கள் உண்டு. மார்ச் 20-ஆம் தேதி சூரியன் வானில் நிற்கும் உயரம் செப்டம்பர் 23-இல் நிற்கும் உயரம்தான். செப்டம்பரில் மெல்லிய சட்டையோடு நடந்த அதே பாதையில் மார்ச்சில் முழங்கால் அளவு பனி. காரணம் தெரிந்த பிறகு எனக்குக் கோபம் போய் வியப்பு வந்தது. புதிய பனி தன்மீது விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சத்தை வைத்துத்தான் உருக வேண்டும். சுழியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியைச் சுழியம் டிகிரி நீராக மாற்ற மட்டும் 80 கலோரி வெப்பம் தேவை. அதே நீரைச் சுழியத்திலிருந்து 80 டிகிரி வரை கொதிநிலைப் பக்கம் கொண்டுபோகத் தேவைப்படும் அதே அளவு. அதாவது, ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் நினைக்கும் அந்த மார்ச் மாதம் முழுவதும் சூரியன் அசுரத்தனமாக உழைத்துக்கொண்டிருக்கிறது. வெப்பமானி அசையவில்லை, அவ்வளவுதான். உழைப்பெல்லாம் பனிக்குள் போகிறது.

பனி அழுக்காகத் தொடங்குவது அதனால்தான் நல்ல செய்தி. வெண்மை குறையக் குறைய அது வெயிலை அதிகமாக உறிஞ்சுகிறது, வேகமாக உருகுகிறது, இன்னும் அழுக்காகிறது. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் பனி வட்டமாகப் பின்வாங்கியிருக்கும். கருத்த அடிமரம் வெயிலை வாங்கித் தன்னைச் சுற்றி ஒரு சிறு கிணற்றைத் தோண்டிக்கொள்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் காட்டுக்குள் போனால் நூற்றுக்கணக்கான கிணறுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மரம். குனிந்து பார்த்தால் அடியில் சென்ற ஆண்டின் சருகும், அதில் ஒட்டியபடி பச்சைப் பாசியும் தெரியும். நான்கு மாதத்தில் கண் பார்க்கும் முதல் பச்சை அது. நான் கையுறையைக் கழற்றி அதைத் தொட்டுப் பார்க்காமல் வந்ததில்லை.

சாலையோரங்களில் இயந்திரம் குவித்துவைத்த பனிமேடுகள் மட்டும் பிடிவாதமானவை. எங்கள் கட்டடத்தின் வடக்கு மூலையில், வெயிலே படாத இடத்தில், ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு மேடு ஆண்டுதோறும் உருவாகும். வழுக்காமலிருக்க நடைபாதையில் தூவிய கற்பொடியும் அதில் கலந்திருக்கும். உருக உருகக் கல் மேலே வந்து, மேடு கறுத்து, எரிந்து முடிந்த சூளைபோல் ஆகிவிடும். தினமும் அதைக் கடந்துதான் போவேன். அதன் அடியிலிருந்து ஒரு நூல் அளவு நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிறகு மணம். குளிர் உறைநிலைக்குக் கீழே போய்விட்டால் உலகத்துக்கு வாசனையே இல்லாமல் போகிறது. மணம் என்பது காற்றில் கலக்கும் துகள்கள், அவை எழுந்து வரவே வெப்பம் வேண்டும். அடுப்பங்கரைக்கு வெளியே மூக்குக்கு வேலையே இல்லாத நான்கு மாதங்களுக்குப் பிறகு, ஒரு நாள் கதவைத் திறந்ததும் மண்வாசனை. முதல் மழையில் மட்டுமே அறிந்திருந்த வாசனை, மழையே இல்லாமல் வருகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உருவாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த மணத்தின் உயிர்நாடி. நீரில் ஒரு லட்சம் கோடி பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். இவ்வளவு கூர்மையாக அதற்கு நம்மை யாரும் பழக்கவில்லை. அதோடு மட்கிய இலை, ஈர மரப்பட்டை, சில இடங்களில் பனிக்கடியில் அழுகிய புல்லின் புளித்த நெடி. அதையும் சேர்த்தே நான் ஆழ இழுத்துக்கொள்கிறேன்.

ஓசை இதற்குள் எப்போதோ திரும்பத் தொடங்கியிருக்கும். புதுப்பனி பஞ்சுபோல் ஒலியை விழுங்கிவிடுவதால் குளிர்காலத்துக்கென்று ஒரு மௌனம் உண்டு. அது முதலில் உடைவது பட்டாணிக்குருவியால். கடுங்குளிரிலும் இடம்பெயராமல் இங்கேயே கிடந்து தாக்குப்பிடிக்கும் சிறு பறவை. ஜனவரியிலேயே, பனி சற்றும் குறையாதபோதே, இரண்டு சுரங்களை மாற்றி மாற்றிப் பாடத் தொடங்கிவிடும். அதற்கு எப்படித் தெரிகிறது? பறவைகள் பகலின் நீளத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியை மூளையின் ஆழத்தில் உள்ள செல்கள் நேரடியாக உணர்கின்றன. பகல் நீள நீள உடலின் சுரப்புகள் மாறுகின்றன, பாட்டுக்கான மூளைப் பகுதிகளே பருக்கின்றன. ஒளி தலைக்குள் புகுந்து பாட்டாக வெளியே வருகிறது என்றால் அது கவிதை அல்ல, நடப்பதை நடந்தபடி சொல்வது. இதை அறிந்த நாளிலிருந்து அந்த இரண்டு சுரம் எனக்கு வேறுமாதிரி கேட்கிறது.

வானம்பாடி பின்னால் வரும். பாதிப் பனியும் பாதிச் சேறுமாகக் கிடக்கும் வயலுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து பாட்டு மட்டும் கொட்டும். காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக, ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே, தலைக்கு மேல் வடக்கே போகும். போகிறவர்களெல்லாம் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

எல்லா ஓசையிலும் எனக்கு ஏரியின் ஓசைதான் பெரிது. குளிர்காலம் முழுவதும் மனிதர்கள் நடந்த ஏரி ஏப்ரலில் முதலில் சாம்பல் நிறமாகிறது, பிறகு கருக்கிறது. கருத்த பனிக்கட்டியில் காலை வைக்கக் கூடாது. உள்ளே நீர் ஊறி, பனிக்கட்டி செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்திருக்கும். மெழுகுவத்திகளைக் கட்டு கட்டாக நிறுத்திவைத்ததுபோல. பார்க்கக் கெட்டி, உள்ளே பிடிப்பே இல்லை. பிறகு ஒரு நாள் காற்றடிக்கும். ஒரே மதியத்தில் அத்தனை பனியும் கரையை நோக்கித் தள்ளப்பட்டு, அந்த ஊசிகள் ஒன்றோடொன்று உரசி, ஆயிரம் கண்ணாடி வளையல்கள் குலுங்குவதுபோல் ஓசை எழும். சென்ற ஆண்டு அதைக் கேட்டுக்கொண்டு இருட்டும்வரை கரையில் நின்றேன். மறுநாள் காலையில் ஏரி முழுவதும் நீலமாக, அலையோடு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அப்போது நடக்கும். நீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியில். மேல்நீர் அந்த வெப்பநிலையை நெருங்கும்போது ஏரி முழுவதும் ஒரே அடர்த்திக்கு வந்துவிட, காற்று அதை அடிமுதல் நுனிவரை புரட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஆழத்துக்கு மூச்சுக்காற்று போய்ச் சேருகிறது.

பனி உடையும் நாளைக் குறித்துவைக்கும் ஆசை மனிதர்களுக்குப் பழையது. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் எல்லையாக ஓடும் டோர்னியோ ஆற்றில் பனி உடையும் நாள் 1693-இலிருந்து பதிவாகிவருகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் தொடங்கி, முதல் பூ, முதல் இலை, முதல் தவளைச் சத்தம், முதல் தகைவிலான் குருவி என்று வசந்தத்தின் 27 அறிகுறிகளை ஆண்டுதோறும் எழுதிவைத்தார். அவருக்குப் பின் அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதைத் தொடர்ந்து 1958 வரை கொண்டுவந்தது. அவர்கள் மகிழ்ச்சியை எழுதிவைத்தார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இன்று அந்தத் தேதிகள் காலநிலையின் சாட்சிகளாகிவிட்டன. டோர்னியோவின் பனி முன்னைவிட முந்தி உடைகிறது. வசந்தம் சீக்கிரம் வந்தால் நல்லதுதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இல்லை. முந்தி மலர்ந்த மொட்டைப் பின்னால் வரும் ஓர் இரவின் உறைபனி கருக்கிவிடும். பூவும், அதை நம்பி எழும் பூச்சியும், பூச்சியை நம்பி வரும் பறவையும் ஒரே நாட்காட்டியைப் பார்ப்பதில்லை.

மொட்டு என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. வசந்தத்தில் மரம் துளிர்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிர்ச் மரத்தின் கிளையை ஒரு டிசம்பரில் உற்றுப் பார்த்தபோதுதான், நுனியில் ஆண் பூங்கொத்துகள் இறுக மூடி, சிறு விரல்கள்போல் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவை முந்தைய கோடையிலேயே உருவானவை. இலைகளும் அப்படித்தான், மடித்துச் சுருட்டி மொட்டுக்குள் வைக்கப்பட்டவை. அத்தனை புயலிலும் உறைபனியிலும் வசந்தம் அந்தக் கிளையிலேயே இருந்திருக்கிறது. அதைவிட வியப்பு, அந்த மொட்டுகளுக்குக் குளிர் தேவை என்பது. போதுமான குளிரைப் பெறாமல், வெறும் வெப்பத்தை மட்டும் கண்டு அவை ஒழுங்காக விரிவதில்லை. ஆப்பிள் மரமும், டியூலிப் கிழங்கும் அப்படியே. ஜனவரியின் இருட்டை வீணான காலம் என்று பொருமிக்கொண்டிருந்த எனக்கு, மரம் அந்த நாட்களையும் ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது என்று அறிந்தது பெரிய ஆறுதல்.

குளிரில் உறைந்து உருகும்போது மரத்தின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழ்கள் சிக்கிக்கொள்கின்றன. பிர்ச் மரம் இலை விடுவதற்கு முன்னால் வேரிலிருந்து அழுத்தத்தோடு நீரை மேலேற்றி அந்தக் குமிழ்களைக் கரைத்துவிடுகிறது. அந்த வாரங்களில் சிறு கிளை ஒடிந்தால்கூட நீர் சொட்டும். அடிமரத்தில் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை, பட்டை மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

பூக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவற்றைப் பாட ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் வில்லோ மரத்தின் பூனைக்குட்டி ரோமம் போன்ற பூங்கொத்தில் வந்து அமரும் அந்தப் பெரிய ரோமத் தேனீயை விட்டுவிட முடியாது. பம்பிள் தேனீக்களின் கூட்டம் இலையுதிர்காலத்தில் மடிந்துவிடும். இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் தனியே குளிர்காலத்தைக் கடக்கின்றன. பனி முழுதாக விலகாத ஒரு காலையில் ராணி வெளியே வருகிறது. பறப்பதற்குத் தசைகள் 30 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்காக இறக்கையை அசைக்காமல் தசைகளை மட்டும் நடுக்கி நடுக்கித் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்கிறது. நான் பார்த்த ராணி மஞ்சள் மகரந்தத்தில் முகம் புதைத்து வெகுநேரம் அசையாமல் இருந்தது. வரப்போகும் கூட்டம் முழுவதும் அந்த ஓர் உடலுக்குள் இருந்தது. என் மூச்சு அதன்மேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன்பின் எல்லாம் ஒரே பாய்ச்சல். மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள் காட்டுத் தரையில் ஹெபாட்டிகா நீலமாகப் பூத்து முடித்துவிடுகிறது. மே மாதத்தில் ஒரு வாரம், சொல்லப்போனால் மூன்று நான்கு நாட்கள், பிர்ச் இலைகள் அணிலின் காது அளவில் இருக்கும். மரத்தைச் சுற்றிப் பச்சைப் புகை நிற்பது போன்ற தோற்றம். மறுவாரம் அது சாதாரணப் பச்சையாகிவிடும்.

அந்நாட்களில்தான் குக்கூ என்னும் குயிலினத்துப் பறவை ஒன்று ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, தன் பெயரையே இரண்டசையாகக் கூவும். நாம் அறிந்த குயில் அல்ல அது, அதன் உறவு. அதுவும் அடுத்தவர் கூட்டில்தான் முட்டையிடும். முதன்முறை அதைக் கேட்டபோது என் மனத்தில் இளவேனில் என்ற சொல் தானாக வந்து நின்றது. ஆண்டை ஆறாகப் பகுத்த தமிழில் பனிக்கே முன்பனி, பின்பனி என்று இரண்டு பெயர்கள் உண்டு. பின்பனியைத் தொடர்ந்து வருவது இளவேனில், இளம் வெப்பம். பனியென்றால் வைகறைப் புல்லில் ஈரம் என்ற அளவில் அறிந்தவர்கள் வைத்த பெயர்தான். ஆனாலும் மே மாதத்து வடக்கில் முகத்தில் வந்து படும் அந்த வெப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு எந்த மொழியிலும் கிடைக்கவில்லை. இன்னும் முற்றாத, கன்றுக்குட்டியின் மூச்சுபோன்ற வெப்பம்.

நேற்று இரவு பத்து மணிக்கு, வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே, நடந்துவிட்டுத் திரும்பினேன். வடக்கு மூலையின் பனிமேடு சென்ற வாரம் முழங்கால் உயரத்தில் இருந்தது, முந்தாநாள் ஒரு தலையணை அளவில். அதற்கு நேர் மேலே பிர்ச் மரம் முழு இலையோடு நின்றது. நேற்றுப் பார்த்தபோது மேட்டைக் காணவில்லை. கற்பொடி மட்டும் அது இருந்த வடிவத்திலேயே வட்டமாகக் குவிந்திருந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி துடைப்பத்தோடு அங்கே வந்தார். கல்லை ஓரமாகத் தள்ளினார். அடியில் தரை ஈரமாக, வெளிறிய மஞ்சள் புல்லோடு இருந்தது. இருவரும் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.